பலகையை விட்டுவிடுங்கள், பாய்மரத்தின் மேல்துண்டைப் பாருங்கள்

விண்ட்சர்ஃபிங் பலகைகளையும் பாய்மரங்களையும் வடிவமைக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

பின்னல் சட்டகம் என்றால் இப்போது எல்லோருக்குமே ஒரு கிறக்கம். முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் பரவிய பிறகு ஓட்டக் காலணியின் அடிப்பாகத்திலும் மிதிவண்டி இருக்கையிலும் தலைக்கவசத்தின் உள்மெத்தையிலும் குட்டிக் கம்பிகளை முக்கோணம் முக்கோணமாகக் கோத்த உருவங்கள் வந்துவிட்டன. அடுத்தது விண்ட்சர்ஃபிங் பலகைதான் என்று பேச்சு அடிபடுகிறது. நுரையை எடுத்துவிட்டுப் பின்னலை வைத்தால் எடை பாதியாகும், விறைப்பு கூடும் என்று பளபளக்கும் கணினிப் படங்களோடு சொல்கிறார்கள். உங்களில் சிலர் அந்தப் படங்களை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கக் கூடும். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

நான் பாய் பிடித்து நீரில் போகிறவன். உடைந்த பலகைகளைப் பழுதுபார்க்கிறவனும்கூட. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலகைக்குள் பின்னல் வேண்டாம். கையில் பிடிக்கும் பூம் குழாயிலும் வேண்டாம். செய்து பார்க்கத் தகுந்த இடம் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது: இரண்டு துண்டுகளாக வரும் பாய்மரத்தின் மேல்துண்டு. ஏன் என்பதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பின்னலை மட்டம் தட்டுவது என் நோக்கமல்ல. ரஷ்யப் பொறியாளர் விளாதிமிர் ஷூகோவ் 1896இல் நீஷ்னி நோவ்கோரோத் கண்காட்சியில் நேரான இரும்புச் சட்டங்களைச் சாய்த்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து ஒரு தண்ணீர்க் கோபுரத்தை நிறுத்தியபோதே அதன் வலிமை உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. பிரிட்டனில் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் அதே எண்ணத்தை விமானத்துக்குள் கொண்டுவந்தார். 1936இல் முதன்முதலாகப் பறந்த விக்கர்ஸ் வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தின் உடலும் இறக்கையும் அலுமினியக் கலப்புலோகச் சட்டங்களால் கூடைபோல் பின்னப்பட்டவை. அதன்மேல் இழுத்துக் கட்டியது வெறும் துணி. போரில் துணி முழுக்கக் கருகி, பின்னலில் ஓட்டைகள் விழுந்த நிலையிலும் அந்த விமானங்கள் திரும்பி வந்திருக்கின்றன. ஒரு சட்டம் அறுந்தால் அதன் சுமையை அக்கம்பக்கத்துச் சட்டங்கள் வாங்கிக்கொண்டன. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வெலிங்டன்கள் செய்யப்பட்டன. புரோட்டான் ராக்கெட்டில் செயற்கைக்கோளைத் தாங்கும் இணைப்புக் கூம்புகளைக் கார்பன் இழைப் பின்னலால் சுற்றியெடுக்கும் தொழில்நுட்பத்தை ரஷ்யர்கள் பல்லாண்டுகளாகக் கையில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் உருவான ஐசோடிரஸ் என்னும் பின்னல் குழாயைக் கொண்டு 2000களின் பிற்பகுதியில் ஒரு மலைப்பாதை மிதிவண்டியே விற்பனைக்கு வந்தது.

ஆனால் வெலிங்டன் கதையில் பலரும் தாண்டிச் செல்லும் ஒரு பகுதி இருக்கிறது. அவ்வளவு உறுதியான அந்த முறையைப் பின்னால் வந்த விமானத் தொழில் ஏன் கைவிட்டது? விமானத்துக்கு எப்படியும் ஒரு தோல் வேண்டும். காற்றை வழுக்கிவிட, பிறகு உயரத்தில் உள்ளே காற்றழுத்தத்தை அடைத்து வைக்க, தோல் இல்லாமல் முடியாது. அந்தத் தோலைத் துணியாக வைத்தால் அது சுமை தாங்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும். உலோகமாக்கினாலோ, தோலே சுமையைத் தாங்கும். உள்ளே இருக்கும் பின்னல் உபரியாகிவிடும். தோல் கட்டாயம் தேவைப்படும் பொருளில் அந்தத் தோலிடமே வேலையை வாங்குவதுதான் சிக்கனம். தோல் தேவைப்படாத பொருளில் மட்டுமே பின்னல் தன் எடைக்குரிய கூலியைச் சம்பாதிக்கிறது. இந்த மடலில் நான் சொல்ல வந்தது முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது.

இனிப் பலகைக்கு வருவோம்.

பலகைக்குத் தோல் வேண்டுமா என்று யாரும் கேட்கப் போவதில்லை. நீர் புகக் கூடாது, அடிப்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும், மேல்பக்கம் குதிகாலைத் தாங்க வேண்டும். ஆகவே கண்ணாடி இழையோ கார்பனோ, எபாக்சிப் பிசினில் ஊறிய தோல் ஒன்று இருந்தே தீரும். அதற்கடியில் சில மில்லிமீட்டர் கனத்தில் கெட்டியான பி.வி.சி. நுரை, அதற்கடியில் இன்னொரு இழைப் படலம், எல்லாவற்றுக்கும் உள்ளே நாம் தெர்மாகோல் என்று சொல்லும் பாலிஸ்டைரீன் நுரை. இந்த அடுக்குமுறையை நீங்கள்தான் செப்பனிட்டு வளர்த்தீர்கள்; உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் பின்னல் பலகை பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு சின்னப் பெருக்கலைக்கூடப் போட்டுப் பார்ப்பதில்லை என்பதால் அதை இங்கே போட்டுவிடுகிறேன்.

100 லிட்டர் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்நுரையின் அடர்த்தி கனமீட்டருக்கு 15 கிலோ என்று வைத்தால், பலகையை நிரப்பும் நுரை மொத்தமும் ஒன்றரைக் கிலோதான். பலகையின் எடையோ ஆறரை, ஏழு கிலோ. மீதி ஐந்து கிலோவும் தோல், பிசின், பி.வி.சி., பலகையின் அடியில் நிற்கும் துடுப்பான ஃபின்னைச் செருகும் பெட்டி, பாய்மரத்தின் அடியைப் பூட்டும் மாஸ்ட் டிராக், கால்பட்டை திருகுகளுக்கான பிளக்குகள், பெயின்ட், வழுக்காத மேற்பூச்சு ஆகியவற்றில் இருக்கிறது. பின்னல் வந்து நுரையின் எடையைச் சரிபாதி ஆக்கினாலும் மிச்சமாவது முக்கால் கிலோ.

அந்த முக்கால் கிலோவாவது நிற்குமா? பலகையின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், விளிம்பு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 2.4 சதுரமீட்டர் பரப்பு. சதுரமீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைத் துணி ஒரு படலம் கூடுதலாகப் போட்டால், அது குடிக்கும் பிசினோடு சேர்த்து 300 கிராம், 2.4ஆல் பெருக்கினால் 720 கிராம். ஒரே ஒரு படலம் கூடுதலாகப் போட நேர்ந்தால் மிச்சம் பிடித்தது முழுவதும் கரைந்துவிடுகிறது. பின்னலை உள்ளே வைத்தால் அந்தக் கூடுதல் படலத்தைப் போட்டே ஆக வேண்டும். நுரை தோலை எங்கும் விடாமல் தாங்குகிறது. அதன் மணிகள் சில மில்லிமீட்டர் அளவே. பின்னலோ முனைகளில் மட்டும் தாங்கும். முனைக்கும் முனைக்கும் நடுவில் தோல் அந்தரத்தில் தொங்கும். அப்படித் தொங்கும் தோல் அமுக்கத்தில் எப்போது குழிந்து நெளியும் என்பது, தோலின் கனத்தை இடைவெளியால் வகுத்து, அதை வர்க்கப்படுத்தினால் வருவதைப் பொறுத்தது. இடைவெளியை இரட்டிப்பாக்கினால் தோலின் கனத்தையும் இரட்டிப்பாக்க வேண்டும் என்று பொருள்.

அச்சடித்த தேன்கூட்டு உள்ளீட்டுக்கும் இதே கதிதான். சாதாரண அச்சு இயந்திரத்தின் மூக்கு 0.4 மில்லிமீட்டர் சுவர் போடும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கின் அடர்த்தி கனமீட்டருக்கு 1,240 கிலோ. நுரையின் 15 கிலோவுக்கு இறங்க வேண்டுமென்றால் பொருள் 1.2 சதவீத இடத்தைத்தான் அடைத்துக்கொள்ள முடியும். அறுகோண அறைகளுக்குக் கணக்குப் போட்டால் ஒவ்வோர் அறையும் ஆறரை சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக வரும். மனிதனின் குதிகால் ஏறக்குறைய அதே அகலம். தாவிக் குதித்து இறங்குகிறவனின் குதிகால், சுவரே இல்லாத ஓர் அறையின் நட்டநடுவில் விழும். அறையைச் சிறிதாக்கினால் எடை ஏறும். அலைச்சறுக்குப் பலகைகளில் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். படுத்துத் துடுப்பாகக் கைவீசி, எழுந்து நிற்கும் விளையாட்டுக்கு அது பொருந்தலாம். பாய்மரத்தின் அடி ஒரே புள்ளியில் குத்தி நிற்கும் நம் பலகையோடு அதை ஒப்பிடக் கூடாது.

பின்னலுக்கு ஆதரவான வாதம் ஒன்று உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். திறந்த அறை நுரையை அழுத்தினால் அறைச்சுவர்கள் வளைகின்றன, வளைப்பது எளிது, எனவே அடர்த்தியைப் பாதியாக்கினால் விறைப்பு கால்பங்காகிவிடும். முக்கோணங்களால் சரியாகக் கட்டிய பின்னலில் கம்பிகள் வளைவதில்லை, இழுபடுகின்றன அல்லது அமுங்குகின்றன. அடர்த்தி பாதியானால் விறைப்பும் பாதியாகத்தான் குறையும். அதற்கு எத்தனை முனைக்கு எத்தனை கம்பி வேண்டும் என்ற கணக்கை 1864இலேயே இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கொடுத்துவிட்டார். 2011இல் அமெரிக்காவின் எச்.ஆர்.எல். ஆய்வகத்தினர் வெளியிட்ட நிக்கல் நுண்பின்னலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.9 மில்லிகிராம். டான்டேலியன் செடியின் பஞ்சு போன்ற விதைத்தலையின்மேல் அதை வைத்து எடுத்த படம் நினைவிருக்கும். அதைக்கொண்டு 100 லிட்டர் பலகையை நிரப்பினால் உள்ளீட்டின் எடை வெறும் 90 கிராம்! கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எடையில் அது விரலால் அமுக்கினாலே அமுங்கிப்போய், விட்டால் மெல்ல எழுந்து வரும் பொருள். குதிகாலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. தவிரவும் பலகைக்குள் இருப்பது மூடிய அறை நுரை. அதன் அறைச்சுவர்கள் ஓரளவு இழுபடவும் செய்வதால் திறந்த அறை நுரைபோல் அவ்வளவு மோசமாகத் தளர்வதில்லை. அதோடு பலகையின் விறைப்பு உள்ளீட்டால் வருவதல்ல. ஒன்றைவிட்டு ஒன்று பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் விலகி நிற்கும் மேல்தோலாலும் கீழ்த்தோலாலும் வருவது. உள்ளீட்டின் வேலை அவ்விரண்டையும் பிரித்துப் பிடித்திருப்பதும் நழுவாமல் பார்த்துக்கொள்வதும்தான். அந்த வேலையைத் தெர்மாகோல் இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு லேசாகவும் செய்துகொண்டிருக்கும்போது அதன் வேலையைப் பறிக்க என்ன அவசரம்?

பழுதுபார்க்கும் மேசையிலிருந்து ஒரு காட்சியைச் சொல்கிறேன். பின்காலின் குதி பட்டுப் பட்டு மேல்தளம் தளர்ந்த பலகை வரும். கட்டைவிரலால் அமுக்கினால் டப் என்று உள்வாங்கி, எடுத்தால் மேலே வரும். சுற்றிலும் மெல்லிய விரிசல் வளையம். மணல்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்து, தோலை வெட்டித் திறந்தால், பி.வி.சி. நுரை தேய்ந்து மாவாகியிருக்கும். அதற்கடியில் தெர்மாகோல் மணிகள் ஈரத்தில் பழுப்பேறி, விரல் நுனியில் ஒன்றிரண்டாக ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் அந்த ஈரம் கையகலத்துக்கு மேல் பரவியிருக்காது. வெள்ளை மணிகள் தொடங்கும் இடம் வரை வெட்டி எடுத்து, காயவைத்து, புதுத் துண்டு நுரையை ஒட்டி, மேலே அடுக்குகளைத் திரும்பப் போட்டு, வெற்றிடப் பைக்குள் இறுக்கினால் பலகை மறுபடி நீரில் இறங்கும். நுரை மெல்லக் குடிக்கும் பொருள். ஓட்டை விழுந்த பலகையிலும் கரைக்குத் திரும்பிவிடலாம்.

இதே ஓட்டை உள்ளே பின்னல் மட்டும் உள்ள பலகையில் விழுந்தால் என்ன ஆகும்? உள்ளே தடுப்பே கிடையாது. அலைமேல் ஒவ்வொரு தாவலிலும் நீர் உள்ளே ஓடும். ஓடிய நீர் முன்னும் பின்னும் புரளும். 100 லிட்டர் கொள்ளளவு, 100 கிலோ நீருக்கு இடம். கரையிலிருந்து எட்ட நிற்கிறவனுக்குப் பலகை ஒன்றே உயிர்காக்கும் மிதவை. அதை இந்த நிலைக்குக் கொண்டுபோகும் எந்த வடிவமும், எத்தனை கிராம் மிச்சம் பிடித்தாலும், எனக்கு வேண்டாம். உள்ளே தடுப்பறைகள் கட்டலாம் என்பீர்கள். கட்டலாம். அத்தனை தடுப்புகளும் எடைதானே.

உள்ளே வெற்றிடம் விட்ட பலகை ஒன்றும் புதிய யோசனையல்ல. அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக் விமான இறக்கையின் உள்விலாக்களைப்போலக் குறுக்குச் சட்டங்கள் வைத்து மேலே மரத்தோல் போர்த்திய வெற்றுள் அலைப்பலகைக்கு 1932இல் காப்புரிமை பெற்றார். கனத்த மரப்பலகைகளோடு ஒப்பிட அது பெரிய பாய்ச்சல். அதில் நீர் கசிந்தது. வடிக்க அடைப்பானும் வைக்க வேண்டியிருந்தது. நுரை வந்தபோது அது ஓரங்கட்டப்பட்டதற்கு ரசனை மாற்றம் மட்டும் காரணமல்ல.

ஃபின்னையும், பலகையை நீருக்கு மேலே தூக்கும் நீரடி இறக்கையான ஃபாயிலையும் பற்றி நீட்டி முழக்க எதுவுமில்லை. இரண்டும் நீருக்குள் வெறும் மேற்பரப்பாகவே வேலை செய்கின்றன. கனம் குறைவு, முறுக்கு அதிகம். 2024 ஒலிம்பிக்கில் அறிமுகமான ஐக்யூஃபாயில் வகுப்பின் ஃபாயில் தண்டு 95 சென்டிமீட்டர் நீளம். அதன் மெல்லிய குறுக்குவெட்டுக்குள் கார்பனை நெருக்கி அடைத்தால்தான் முறுக்கு அடங்கும். அங்கே பின்னலுக்கு இடமே இல்லை. எல்லோரும் ஒரே மாதிரிக் கருவியோடு போட்டியிட வேண்டிய இத்தகைய வகுப்புகளில் விதியும் இதையெல்லாம் அனுமதிக்காது.

பூம் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னல் பூம் படங்களைப் பார்த்திருக்கிறேன். யார் வரைந்தாரோ, பாயைப் பிடித்துப் பத்து நிமிடம் நின்றிருக்க மாட்டார். உள்ளங்கை முழுவதும் பொருந்தி உருட்டிப் பிடிக்க வேண்டிய குழாய் அது. இடுப்புக் கச்சையின் கொக்கியை மாட்டும் ஹார்னஸ் கயிற்றை ஒரு விரல் முன்னே, ஒரு விரல் பின்னே நகர்த்த வேண்டும். கயிறு அரைக்கும் அந்த இடத்தில்தான் கார்பன் பூம்களின் மேற்பூச்சு தேய்கிறது. உடைவது பெரும்பாலும் முன்பிடி அருகிலோ பின்நீட்டியின் வாயிலோ. பின்னலைக் கையால் பிடிக்க முடியாது என்பதால் அதன்மேல் உறை போர்த்த வேண்டும். போர்த்தினால் அது பழையபடி தோல் உள்ள குழாய்தான்.

பாயின் துணியில் மட்டும் பின்னலை ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பாலியஸ்டர் படலங்களுக்கு நடுவில் நூல்களைக் குறுக்கும் மறுக்குமாக ஒட்டிச் செய்யும் எக்ஸ்-பிளை துணி, பின்னல் சட்டகத்தின் தட்டையான வடிவமே. படலம் காற்றை மறிக்கிறது, நூல் இழுவிசையைத் தாங்குகிறது. கிழிசல் நூலில் வந்து தடுக்குகிறது. சுமையின் திசை தெரிந்த இடத்தில் இழையை அந்தத் திசையில் ஓடவிட்டீர்கள். அதே புத்தியோடு பாய்மரத்தையும் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

பாய்மரம் பாயின் உறைக்குள் நுழைந்து மறைந்திருக்கிறது. காற்றைச் சந்திப்பது உறை. பாய்மரத்தின் மேற்பரப்பைக் காற்று தொடுவதே இல்லை. நம் உபகரணங்களிலேயே தனக்கென்று ஒரு தோல் தேவைப்படாத பெரிய உறுப்பு இது ஒன்றுதான். தோலை இன்னொருவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். வெலிங்டனின் துணியும் பின்னலும் போலவே.

இருந்தும் பாய்மரம் முழுவதையும் நான் கேட்கவில்லை. கீழ்த்துண்டில் நீட்டிக்குழாய் உள்ளே நுழைகிறது. அதற்குச் சற்று மேலே பூம் பிடி பாய்மரத்தை நெரிக்கிறது. காற்றின் பலத்தில் பெரும்பங்கு அந்த ஒரு சாண் இடத்தில்தான் இறங்குகிறது. அங்கே திறந்த பின்னல் நசுங்கிப் போகும். கெட்டிக் குழாய் தவிர வேறு வழியில்லை. ஆனால் பாய்மரம் நடுவில் இரண்டாகப் பிரிகிறது. 430 சென்டிமீட்டர் பாய்மரத்தின் இணைப்பு தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல். பூம் பிடிப்பது அதற்குக் கீழே. மேல்துண்டில் பிடியும் இல்லை, திருகும் இல்லை, கயிறும் அரைப்பதில்லை. அங்கே இருப்பது வளைவு, கீழே இழுத்துக் கட்டிய பாயால் வரும் அமுக்கம், உறை உராய்வு, இவ்வளவுதான். இணைப்பு வாயில் மட்டும் ஒரு சாண் கெட்டிக் குழாய் போதும்.

எடை குறைந்தால் பலன் பெரிதாகத் தெரிவதும் அங்கேதான். ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பது எடையை, சுழலும் மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. பாய்மரத்தின் அடியிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் உள்ள 100 கிராம், 1.4 மீட்டர் உயரத்தில் பூம் அருகே உள்ள 100 கிராமைப்போல் எட்டு மடங்கு தடுக்கிறது. காற்றைப் பின்னால் வாங்கித் திசைமாறும் ஜைப் திருப்பத்தில் பாயைச் சுழற்றிவிடும் அந்த ஒரு நொடியில் இதைக் கை உணரும். அதைவிட முக்கியமானது இன்னொன்று. காற்று சட்டென்று உறைத்து அடிக்கும்போது பாய்மரத்தின் நுனி பின்னால் சாய்ந்து, பாயின் பின்விளிம்பு மேலே தளர்ந்து, கூடுதல் காற்றைக் கொட்டிவிடுகிறது. வீச்சு தணிந்ததும் நுனி திரும்ப எழ வேண்டும். அது எவ்வளவு விரைவாக எழுகிறது என்பதில்தான் நல்ல பாய்மரத்துக்கும் மந்தமான பாய்மரத்துக்கும் வேற்றுமை. கார்பன் விகிதம் கூடிய பாய்மரத்துக்கு நாங்கள் அதிகப் பணம் கொடுப்பதே இந்த எழுச்சிக்காக. வளையும் அளவை மாற்றாமல் நுனியின் எடையை மட்டும் குறைத்தால் எழுச்சி விரைவாகும். பாயின் துணியும் பிளாஸ்டிக் படலமும் பட்டைகளும் நுனியோடு சேர்ந்தே ஆடுகின்றன என்பதால் கணக்கில் வருவதைவிட அனுபவத்தில் வருவது குறைவாகத்தான் இருக்கும். அதையும் ஒப்புக்கொண்டே கேட்கிறேன்.

உங்கள் பொறியாளர் இங்கே ஓர் ஆட்சேபம் சொல்வார், சரியான ஆட்சேபமும்கூட. வளைவைத் தாங்குவதற்கு இழை நீளவாக்கில், வெளிவிளிம்பில் ஓடுவதே சிறந்தது. சாதாரணக் குழாய் அதைத்தான் செய்கிறது. சாய்வாக ஓடும் பின்னல் இழைகள் வளைவுக்குப் பெரிதாக உதவாது என்பார். உண்மைதான். கனத்த சுவரும் குறைந்த விட்டமும் கொண்ட 32 மில்லிமீட்டர் வகைப் பாய்மரத்தில் பின்னல் எதையும் வெல்லப் போவதில்லை; அதன் சுவர் நெளிந்து உடைவதற்கு வெகு முன்னரே வேறு எல்லைகள் வந்துவிடும். அந்தக் கனத்த சுவர்தான் அலையில் உருளும்போது அதைக் காப்பாற்றுகிறது. அலையில் விளையாடுகிறவர்கள் அதையே வைத்துக்கொள்ளட்டும்.

48 மில்லிமீட்டர் வகையின் கதை வேறு. விட்டம் பெரிது, சுவர் மெல்லியது. மெல்லிய குழாயை வளைத்தால் அதன் வட்டம் முதலில் நீள்வட்டமாகத் தட்டையாகிறது, தட்டையாகத் தட்டையாக விறைப்பு குறைகிறது, ஓர் எல்லையில் திடீரென்று மடிந்துவிடுகிறது. 1927இல் பிரேசியர் என்ற ஆய்வாளர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். பெரிய பாய்களுக்கான மெல்லிய சுவர்ப் பாய்மரங்களில் சுவரை இதற்குமேல் இளைக்க முடியாமல் உங்களைக் கட்டிப்போட்டிருக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. அங்கே நீளவாக்கில் ஓடும் சில இழைக்கற்றைகள் வளைவைத் தாங்க, சுற்றிச் சாய்ந்து ஓடும் மெல்லிய கற்றைகள் வட்டம் தட்டையாகாமல் பிடித்துக்கொண்டால், நடுவில் இருக்கும் சுவரில் பெரும்பகுதி தேவையில்லாமல் போகலாம். முழுக்கத் திறந்த பின்னலாகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கில்லை. மெல்லிய குழாயின் உட்புறத்தில் பின்னல் விலாக்களை ஓடவிட்டாலும் சரி. என் ஊகம், முதலில் பலன் தரப்போவது அந்த இரண்டாவது வகைதான்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. கற்றைகள் ஒன்றையொன்று கடக்கும் முனைகளில் இழை இரண்டு மடங்கு குவியும். மேலும் கீழுமாக அலைந்து ஓடும் இழைக்கு நேராக ஓடும் இழையின் வலிமை வராது. நுனியை நோக்கிக் குழாய் மெலிந்துகொண்டே போவதால் பின்னலின் கட்டங்களும் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். கடைசி அரை மீட்டரைக் குழாயாகவே விட்டுவிடுவது உத்தமம். பிறகு உறை. பாயைக் கட்டும்போது பாய்மரத்தின் நுனியை உறைக்குள் தள்ளிக்கொண்டே போவோம் அல்லவா? உள்ளே எப்போதும் கொஞ்சம் மணல் இருக்கும், துணி ஈரமாக இருந்தால் ஒவ்வொரு சாணுக்கும் முரண்டு பிடிக்கும். சொரசொரத்த பின்னல் அந்தத் துணியை அறுத்துவிடும். முனைகள் மழுங்கி, வெளிவிளிம்பு வழவழப்பாக இருந்தால் ஒழிய இந்த யோசனையைக் கரையிலேயே கைவிட நேரும். மெல்லிய பாலியஸ்டர் காலுறை ஒன்றை இழுத்துப் போர்த்தினால் சில கிராமில் காரியம் முடியக்கூடும்.

மிதப்பும் முக்கியம். மூடிய பாய்மரத்துக்குள் சில லிட்டர் காற்று இருக்கிறது. பாய் நீரில் விழுந்தால் மூழ்காமல் கிடப்பதற்கு அந்தக் காற்றும் ஒரு காரணம். நீரிலிருந்தபடியே பாயைத் தூக்கிக் காற்றைப் பிடித்து எழுகிறவர்களுக்கு நுனி மிதந்தால்தான் வாழ்வு. திறந்த பின்னலுக்குள் கனமீட்டருக்கு 30 கிலோ அடர்த்தியுள்ள மூடிய அறை நுரையை நிரப்பினால், ஒரு லிட்டருக்கு 30 கிராம். மேல்துண்டின் கொள்ளளவுக்கு ஐம்பது கிராமைத் தாண்டாது. பலகையில் ஒதுக்கிய நுரையை இங்கே கூப்பிட்டு வேலை கொடுப்பதில் எனக்கொரு திருப்தி.

நான் கேட்பது இதுதான். புதுப் பலகையும் வேண்டாம், புதுப் பாயும் வேண்டாம். இப்போது விற்கும் 48 மில்லிமீட்டர் பாய்மரம் ஒன்றின் கீழ்த்துண்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் பொருந்தும் பின்னல் மேல்துண்டு ஒன்றைச் செய்யுங்கள். வழக்கமான முறையிலேயே சோதியுங்கள்: இரு முனைகளிலும் தாங்கி, நடுவில் 30 கிலோவைத் தொங்கவிட்டு, நடுவிலும் கால், முக்கால் புள்ளிகளிலும் தொய்வை அளப்பது. 430க்கு 21, 460க்கு 25 என்று நாம் எல்லோரும் பேசிக்கொள்ளும் விறைப்பு எண் மாறக் கூடாது. கால் புள்ளி, முக்கால் புள்ளி விகிதமும் மாறக் கூடாது. ஏனென்றால் பாயின் முன்விளிம்பு அந்த வளைவுக்கென்றே வெட்டப்பட்டிருக்கிறது. வளைவு மாறினால் எடை குறைந்த பயன் பாயின் வடிவம் கெட்டதில் போய்விடும். பழைய மேல்துண்டையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரே பாயில், ஒரே காற்றில் ஓடிப் பார்க்கலாம். இவ்வளவு சுலபமாகச் சோதிக்கக்கூடிய இடம் நம் உபகரணத்தில் வேறெங்கும் கிடையாது.

எடையை மேல்துண்டுக்கும் கீழ்த்துண்டுக்கும் தனித்தனியாக அச்சிடுங்கள். ஈரமான பிறகு உள்ள எடையையும் அச்சிடுங்கள். உலர்ந்த எடையை மட்டும் சொல்லும் பழக்கம் இந்தத் தொழிலில் ரொம்ப நாளாக இருக்கிறது. எழுச்சி விரைவானதா என்பதை விளம்பர வாசகமாகச் சொல்லாமல், நுனியை இழுத்துவிட்டால் நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்ற எண்ணாகச் சொல்லுங்கள். அதன் பிறகு ஒரு துண்டை வேண்டுமென்றே உடையுங்கள். ஒரு கற்றையை முன்கூட்டியே அறுத்துவைத்து இன்னொன்றை உடையுங்கள். வெலிங்டனைப்போல் பக்கத்துக் கற்றைகள் சுமையை வாங்கிக்கொள்கின்றனவா, அல்லது ஒன்று போனதும் வரிசையாக எல்லாம் தெறிக்கின்றனவா என்பது அப்போது தெரிந்துவிடும். தெறிக்குமானால் இந்த மடலைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குழாயையே தொடருங்கள், எனக்கு வருத்தமில்லை.

தெறிக்காவிட்டால், பழுதுபார்ப்பதற்கான வழியையும் சேர்த்தே வெளியிடுங்கள். அறுந்த கற்றையின்மேல் எத்தனை சென்டிமீட்டர் நீளத்துக்கு எந்த இழையைச் சுற்ற வேண்டும், பிசினை எந்தச் சூட்டில் உலரவிட வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். அந்தத் துண்டுகள் கடைசியில் எங்களைப் போன்றவர்களின் மேசைக்குத்தான் வந்து சேரும்.

அன்புடன்,
பலகை பழுதுபார்க்கும் ஒரு பாய்க்காரன்